பட்டியலில் இல்லாத பெயர்

பூஜ்ஜியம் வந்திருக்க வேண்டும். ஒன்று என்று வந்தது.

காவ்யா திரையைப் பார்த்தபடியே டீயை ஒரு வாய் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. எதையோ தப்பாகத் தட்டியிருப்போம் என்று நினைத்து அதே தேடலை மறுபடி ஓட்டினாள். ஒன்று.

மணி இரண்டரைதான். ஆனால் ஐப்பசி வானம் காலையிலிருந்தே இறங்கி வந்து மொட்டைமாடிச் சுவர்மேல் உட்கார்ந்துவிட்டதால் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீழே வீட்டுக்காரர்களின் ஆறு விசைத்தறிகள் காலை ஏழு மணியிலிருந்து அடித்துக்கொண்டிருந்தன. ஆரணியில் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் அந்தச் சத்தம் பல்லுக்குள் புகுந்து ஆட்டியது. இப்போது அது தரை வழியாக ஏறி, நாற்காலிக் கால் வழியாக முதுகில் பரவி, அவளுடைய நாடித்துடிப்பு மாதிரி கவனிக்கத் தேவையில்லாத ஒன்றாக ஆகியிருந்தது. சன்னல் வழியாகப் பட்டு நூல் வேகவைக்கும் இடத்திலிருந்து சோப்பும் ஆவியும் கலந்த வாடை வந்தது. அதுவும் பழகியதுதான்.

பழகாதது அந்த ஒன்று.

காவ்யாவின் வேலை பெயர்களை அழிப்பது. சென்னையில் ஒரு அறக்கட்டளை பெண்களுக்கான தொலைபேசி உதவி எண் ஒன்றை நடத்தியது. அழைப்புகளையெல்லாம் இயந்திரம் எழுத்தாக மாற்றிக் கொடுக்கும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவை பயன்படும். அதற்கு முன்னால் அதிலுள்ள ஆள் பெயர், ஊர் பெயர் எல்லாவற்றையும் தேடிப்பிடித்து நான்கு நட்சத்திரக் குறிகளாக மாற்றிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான வரிகளைக் கண்ணால் படித்து முடியாது. அதனால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பேட்டர்ன் எழுதுவாள்: இந்த எழுத்துகள், இந்த வரிசையில், இங்கே தொடங்கி இங்கே முடிந்தால் பிடி.

தமிழில் இது எவ்வளவு தலைவலி என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. மணி என்று ஒரு ஆளைத் தேடினால் ஆறு மணியும் கண்மணியும் சேர்ந்து வந்து விழும். "ஆறு ****க்கு வந்து அடிச்சாரு" என்று ஒரு வரி போய், சென்னையிலிருந்து திட்டு வந்தது. சொல் இங்கே முடிகிறது என்று சொல்ல ஒரு குறி உண்டு. ஆங்கிலத்துக்கு அது சரியாக வேலை செய்யும். ஆனால் தேடுகிற கருவிக்குக் காலும் கொக்கியும் புள்ளியும் எழுத்தே இல்லை. அதனால் சொல் முடியாத இடத்தில் முடிந்தது என்னும். நிஜமாகவே முடிந்த இடத்தில் முடியவில்லை என்னும். தனியாக நிற்கிற பெயரை விட்டுவிட்டு, வேற்றுமை ஒட்டிக்கொண்ட பெயரை மட்டும் பிடிக்கும்.

அப்படித்தான் அது நடந்தது. போன ஆடியில்.

அனுப்ப வேண்டிய நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் பட்டியலில் ஒரு பெயர் சேர்ந்தது. ரேணுகாதேவி. காவ்யா அவசரத்தில் பழைய குறியையே போட்டு எழுதினாள். ஒரே ஒரு வரியில் சரிபார்த்தாள். "ரேணுகாதேவிக்கு" என்று இருந்தது, அழகாக நட்சத்திரமாகிவிட்டது. அனுப்பிவிட்டாள். "எம் பேரு ரேணுகாதேவி" என்று ஒரு வரி தனியாக நின்றிருந்தது. ஊர் பெயர் மறைந்திருந்தது. ஆனால் புருஷனுக்குப் பயந்து ஒளிந்திருந்த சித்தி வீடு, வாசலில் இரண்டு கறவை மாடு, பின்னால் வட்டக் கிணறு என்று அந்தப் பெண் சொன்னவை எந்தப் பட்டியலிலும் இல்லை. பயிற்சிக்காக அச்சடித்த தாள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்றோ, மூன்று வாரத்தில் வந்தவாசிப் பக்கத்தில் அந்தக் கிணற்றிலிருந்து அவளை எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து அதே கிணற்றிலிருந்து அவள் புருஷனையும் எடுத்தார்கள்.

விசாரணை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மேற்பார்வை பார்க்கும் தனசேகரன் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எப்படி விடுபட்டது என்று கேட்டார். காவ்யா, கருவியில் ஒரு பிழை, சரிசெய்துவிட்டோம் என்று பதில் எழுதினாள். அவரும் அதை அப்படியே மேலே அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். எந்தக் கோப்பை முடித்தாலும் கடைசியில் அந்தப் பெயரையும் ஒருமுறை தேடுவாள். பட்டியலில் இருக்காது. யாருக்கும் சொன்னதில்லை. எப்போதும் பூஜ்ஜியம் வரும். அதைப் பார்த்த பிறகுதான் மடிக்கணினியை மூடுவாள்.

இன்று ஒன்று.

அந்த வரியைத் திறந்தாள். கோப்பின் கடைசி வரி.

"ஹலோ. நான் ரேணுகாதேவி பேசறேங்க."

வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு தன்மேலேயே எரிச்சல் வந்தது. உலகத்தில் ஒரு ரேணுகாதேவிதான் இருக்கிறாளா? காவ்யா தங்கியிருந்த கல்லூரி விடுதியிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். பட்டியல் தயாரித்தவர்கள் விட்டிருப்பார்கள். பெயரை நட்சத்திரமாக்கி, சேமித்து, மறுபடி ஓட்டினாள்.

ஒன்று.

"சனியனே" என்றாள் திரையைப் பார்த்து. சேமிக்கவில்லையா? சேமித்திருந்தது. நட்சத்திரம் போட்ட வரி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி.

"எம் பேரு ரேணுகாதேவிங்க. பேர எடுத்துடறோம்னு சொன்னீங்களே."

முதலில் இந்த வரி இல்லை என்று அவளால் சத்தியம் பண்ண முடியும். முடியுமா? மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு வரிகள் என்று காலையில் தாளில் குறித்து வைத்திருந்தாள். இப்போது மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு. அவள் எழுந்து தண்ணீர் குடித்தாள், கோப்பை மூடினாள், அழித்தாள், சென்னையிலிருந்து வந்த மூலக் கோப்பை மறுபடி இறக்கினாள். இணையம் நத்தை மாதிரி நகர்ந்தது. ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். காலையிலிருந்து செய்த மாற்றங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். ஒவ்வொரு பேட்டர்னும் ஒவ்வொரு இடத்தில் இடித்தது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று உடைந்தது. ஒருமுறை கோப்பு முழுவதும் நட்சத்திரமாகிவிட்டது. மேசையில் ஓங்கி அடித்தாள். கை வலித்தது.

வாசல் கதவைத் தட்டிக்கொண்டே கன்னியம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். வீட்டுக்காரம்மா. தலையில் துண்டு, கையில் தரை துடைக்கிற துணி.

"ஏம்மா காவ்யா, மேல டேங்கு ரொம்பி வழியுதா? படியெல்லாம் ஒரே தண்ணியா கீது."

"நான் மோட்டரே போடலக்கா."

"பின்ன எங்கேர்ந்து வருது? கீழ் படிலேர்ந்து உன் வாசல் வரைக்கும் சொட்டிகினு வந்துகீது. பாசி வாட வேற. உள்ள நூல் மூட்டை கெடக்குது, நனைஞ்சா பேஜாரு."

"மழைத் தண்ணியா இருக்கும்கா."

"மழை எங்கம்மா பேஞ்சுது? மூடிகினு கீது, அவ்ளோதான்." கன்னியம்மாள் குனிந்து வாசல்படியைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, காவ்யாவின் தோளைத் தாண்டி அறைக்குள் பார்த்தாள். "யாராச்சும் வந்துக்கிறாங்களா?"

"இல்லக்கா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. துணி காயப்போட்டுக்கிறியா, என்னமோ பச்சையா தெரிஞ்சா மாதிரி இருந்துச்சு." அவள் இறங்கிப் போனாள்.

காவ்யா திரும்பிப் பார்த்தாள். கட்டில், இரும்பு பீரோ, சுவரில் மாட்டியிருந்த கணவன் சிவகுமாரின் சட்டைகள். அவன் செய்யாறில் கம்பெனியில் இருந்தான். கம்பெனி பஸ் வந்து அவனை இறக்கிவிட ஏழு மணியாகும். பச்சையாக எதுவும் இல்லை. மூக்கை உறிஞ்சினாள். சோப்பு வாடை. அதற்கு அடியில் வேறு ஒன்று: வெயில் படாத கல்லில் படிந்த பாசியும், ஊறி மக்கிய இலையும், நெடுநாள் இறைக்காத தண்ணீரும்.

சன்னலைச் சாத்தினாள். வாடை குறையவில்லை. சன்னல் வழியாக வரவில்லை போலிருக்கிறது.

நாலே காலுக்கு மாற்றங்கள் எல்லாம் ஓடி முடிந்தன. வரிகள் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. அந்தப் பெயரைத் தேடினாள். பூஜ்ஜியம்.

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். கீழே தறிகள் அடித்தன. தூக்கமில்லாமல் வேலை பார்த்தால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை, கடைசியாக ஒருமுறை ஓட்டினாள்.

ஒன்று.

"நான் ரேணுகாதேவி. இப்ப ஒரு மாடி வீட்ல இருக்கேங்க. கீழ தறி ஓடுது. நீங்க பேசறது கேக்கல."

அவள் அந்த வரியை நெடுநேரம் பார்த்தாள். பெயரை நட்சத்திரமாக்கினாள். ஓட்டினாள்.

"ரேணுகாதேவிங்க. அவரு வீடு வீடா விசாரிச்சிகினு வராரு. எம் பேர எடுத்துடுங்க."

எடுத்தாள். ஓட்டினாள். ஒன்று. எடுத்தாள். ஒன்று. பெயரின் முன்னும் பின்னும் எது இருந்தாலும் பிடிக்கும்படி பேட்டர்னை அகலமாக்கினாள். எழுத்துக்கு நடுவில் இடைவெளி இருந்தாலும் பிடிக்கும்படி மாற்றினாள். வரியையே அழித்தாள். கோப்பையே காலி செய்தாள். ஒரு வரியும் இல்லாத வெள்ளைத் திரையில் ஓட்டினாள்.

ஒன்று.

"எடுத்துடுங்க" என்று மட்டும் அடுத்த வரியில் இருந்தது. கூடவே அந்தப் பெயர்.

காவ்யாவுக்கு அழுகை வந்தது. பயத்தினால் மட்டும் அல்ல. "எடுக்கத்தானே பாக்கறேன்" என்று வாய்விட்டுக் கத்தினாள். "நானும் எடுக்கத்தானே பாக்கறேன். போக மாட்டேங்குதே."

தறிச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

போனை எடுத்து தனசேகரனை அழைத்தாள். மூன்றாவது முறை எடுத்தார்.

"சொல்லும்மா. ஃபைல் ரெடியா?"

"சார், போன ஆடில போச்சே ஒரு ஃபைல். அந்த ரேணுகாதேவி." அந்தப் பெயரை வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. "அது கருவியில பிழை இல்ல சார். நான் எழுதின பேட்டர்ன். தப்பான குறியப் போட்டேன். ஒரே வரில டெஸ்ட் பண்ணிட்டு அனுப்பிட்டேன். நான்தான் சார்."

அந்தப் பக்கம் அலுவலகச் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். ஒரு கதவு மூடியது.

"இப்ப ஏம்மா அத எடுக்கற?" என்றார் தாழ்ந்த குரலில். "அது முடிஞ்சு போச்சு. அவனும் போயிட்டான், கேஸும் இல்ல. நீ சொல்லி அந்தப் பொண்ணு எழுந்து வரப்போறதில்ல."

"எழுதிக் குடுத்துடறேன் சார். நான்தான்னு."

"ஒண்ணும் எழுத வேணாம். எனக்கும்தானே சேர்த்து வரும்? ஆறு மணிக்குள்ள ஃபைல அனுப்பு. பக்கத்துல யாரும்மா?"

"யாரும் இல்லையே சார்."

"கூடவே யாரோ மூச்சு வாங்கற மாதிரி கேக்குது. உன்னோடதான் போல. தண்ணி குடி. அப்புறம் பேசலாம்." வைத்துவிட்டார்.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். அந்த நேரத்தில் கரண்ட் போயிற்று.

ஆறு தறிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்து நின்றன. தரையின் அதிர்வு அடங்கியது. மின்விசிறி இரண்டு சுற்று சுற்றி ஓய்ந்தது. தெரு முழுவதும், அடுத்த தெருவும், ஊர் முழுவதும் ஒரு பெரிய மிருகம் மூச்சை நிறுத்திக்கொண்டது போல அமைதி வந்து இறங்கியது. காவ்யாவின் காது அந்த அமைதிக்குள் எதையோ தேடியது.

கிடைத்தது.

சொட்டு. சிறிது நேரம் கழித்து இன்னொரு சொட்டு. அறைக்குள்தான். அதோடு ஒரு மூச்சு. உள்ளே இழுத்து, அடக்கி, முடியாமல் மெல்ல விடுகிற மூச்சு. அவள் தன் மூச்சை நிறுத்திப் பார்த்தாள். அது நிற்கவில்லை.

"காவ்யா" என்று கீழேயிருந்து கன்னியம்மாள் கூப்பிட்டாள்.

அவள் வாசலுக்கு ஓடினாள். மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கன்னியம்மாள் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். துடைத்த படிகளில் மறுபடி ஈரம். இந்த முறை சொட்டுகள் இல்லை. அகலமான பாதங்கள். ஏறி வந்த பாதங்கள்.

"வந்தாராம்மா அவரு?"

"யாருக்கா?"

"ஒருத்தர் வந்து கேட்டுகினு நின்னாரு. ரேணுகாதேவின்னு யாராச்சும் இங்க குடியிருக்காங்களான்னு. அப்பிடி யாரும் இல்லப்பான்னேன். போவமாட்டேன்னு நிக்கறாரு. மரியாதையாத்தான் பேசினாரு, பாவம். சட்டையெல்லாம் நனைஞ்சு போயி." கன்னியம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "மேல ஒரு பொண்ணு கம்ப்யூட்டர்ல பேருங்கள பாத்துகினு கீது, அதுக்குத் தெரிஞ்சாலும் தெரியும், கேட்டுப் பாருன்னு அனுப்பினேன். இப்பத்தான் ஏறினாரு. நீ பாக்கலியா?"

காவ்யா படிகளைப் பார்த்தாள். ஈரப் பாதங்கள் கடைசிப் படி வரை வந்திருந்தன. அவள் நின்ற இடம் வரை. அதற்குமேல் சிமெண்டுத் தரை கறுத்திருந்தது, நிழலா ஈரமா என்று தெரியவில்லை.

"பாக்கலக்கா" என்றாள்.

உள்ளே போனாள். மடிக்கணினி பேட்டரியில் எரிந்துகொண்டிருந்தது. அறையில் அது ஒன்றுதான் வெளிச்சம். அவள் எதையும் ஓட்டவில்லை. தேடல் தானே ஓடியிருந்தது. ஒன்று.

"நான் ரேணுகாதேவி. கதவ தாப்பா போடுங்க."

ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாள். கீழ் தாழ்ப்பாள். கொக்கி. துருப்பிடித்த கொக்கி ஏற மறுத்தது. உள்ளங்கையால் அடித்து ஏற்றினாள். தோல் கிழிந்தது. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே காலடி கேட்கிறதா என்று காது கொடுத்தாள்.

வெளியே ஒன்றும் இல்லை.

சொட்டு.

பின்னால்.

திரும்பினாள்.

இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடம். துடைப்பம் வைக்கிற இடம். அதில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்திருந்தாள். பச்சைப் புடவை. முட்டி மார்பில் இடித்தது. கூந்தலிலிருந்து தண்ணீர். முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு உள்ளங்கையாலும் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தாள். விரல் இடுக்கில் மூச்சு குமிழியிட்டது. உடம்பு நடுங்கியது.

காவ்யாவால் கத்த முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எத்தனையோ நாளாக மனதில் வைத்திருந்த சொற்கள் தொண்டை வரை வந்தன.

"ரேணு..." என்றபடி கதவிலிருந்து இரண்டு எட்டு முன்னால் வந்தாள்.

அந்தப் பெண் தலையை வேகமாக ஆட்டினாள். வேண்டாம். வேண்டாம்.

அவள் காவ்யாவைப் பார்க்கவில்லை.

அவள் கண்கள் காவ்யாவின் தலைக்குமேல் இருந்தன. கதவின் பக்கம். இப்போதுதான் மூன்று தாழ்ப்பாளும் போட்ட கதவு. அதற்கு உள்பக்கம். உயரமான ஒருவரின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில்.

அந்தக் கண்கள் அசைந்தன. மெதுவாக. நடந்து வருகிற ஒருவரைப் பின்தொடர்கிற மாதிரி. ஒரு அடி. நின்றது. இன்னொரு அடி.

பாசி வாடை.

காவ்யாவின் கழுத்தில் குளிர்ந்த ஒரு சொட்டு விழுந்தது.

அந்தக் கண்கள் அவளுடைய வலது தோளுக்கு மேல் வந்து நின்றன. அதற்கப்புறம் அசையவில்லை.

காவ்யா இரண்டு கைகளையும் தூக்கித் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.